கனம் விழாத பக்கம்

சோம்பேறி என்று சொன்னால் அந்த வண்டி ஸ்டாண்டில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். "ஆமா, சோம்பேறிதான், அதுக்கென்ன இப்போ" என்று கொட்டாவி விட்டபடியே ஒத்துக்கொள்ளும் ஆட்கள் அங்கே நிறைய. சோம்பேறி என்றால் வேலைக்கு வராதவன், அல்லது வந்தும் உட்கார்ந்தே இருப்பவன். அவனால் பெரிய கெடுதல் கிடையாது. அவன் உட்கார்ந்திருப்பது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. அவனை விட்டுவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

ஓபி என்பது வேறு. அது எந்தச் சொல்லின் சுருக்கம் என்று கேட்டால் ஸ்டாண்டில் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள், ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒத்துக்கொண்டதே இல்லை. ஆனால் பொருளில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஓபி அடிப்பவன் நேரத்துக்கு வந்துவிடுவான். எல்லாரோடும் சேர்ந்து குனிவான், எல்லாரோடும் சேர்ந்து முக்குவான், நெற்றியைக்கூடத் துடைத்துக்கொள்வான். கனம் மட்டும் அவன் கையில் விழாது.

வீடு மாற்றித் தரும் வேலையில் அந்தச் சொல்லுக்கு உள்ள கூர்மை வேறு எந்த வேலையிலும் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து ஒரு பீரோவைத் தூக்கும்போது யார் எவ்வளவு தாங்குகிறார்கள் என்பது வேடிக்கை பார்ப்பவருக்குத் தெரியாது. பீரோ நகர்கிறது, அவ்வளவுதான் தெரியும். கனத்தின் கணக்கு அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான், அதுவும் கைகளில். அதனால் ஸ்டாண்டில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. சுமை கையில் இருக்கும்போது அந்தச் சொல்லை வாயில் எடுக்கக் கூடாது. கேட்டவனுக்குச் சுருக்கென்று ஏறிப் பிடி தளர்ந்தால் கீழே நிற்பவனுக்குக் கால் போய்விடும். சுமையை இறக்கி வைத்த பிறகு, எதிர்ப்பக்கம் பிடித்தவன் அதைச் சொன்னால் அதற்கு மேல் விசாரணை கிடையாது. அவனைத் தவிர வேறு சாட்சி ஏது?

டீக்கடையில் விளையாட்டுக்குச் சொல்வது இந்தக் கணக்கில் வராது. அங்கே டீ கிளாஸை இரண்டு கையால் பிடித்தவனும் ஓபிதான், வடிகட்டாமல் ஊற்றிய கடைக்காரரும் ஓபிதான்.

தூக்கும் ஆட்களுக்குத் தலைவரான மேஸ்திரி அந்தச் சொல்லை விளையாட்டுக்கு இல்லாமல் சொன்னது ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வீட்டின் மாடிப்படியில். சொன்னது தன் சொந்த மச்சானை.

மச்சான் என்பவன் மேஸ்திரியின் மனைவிக்கு ஒரே தம்பி. வேலை பார்த்துவந்த அச்சகம் மூடிவிட்டதால் அக்கா வீட்டில் வந்து தங்கியிருந்தான். மேஸ்திரிதான் அவனை ஸ்டாண்டுக்கு அழைத்துப்போனார். அவர் "மச்சான்" என்று கூப்பிட, மற்றவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். மூட்டை கட்டுவதில் கெட்டிக்காரரான பொட்டலம்தான் முதல் நாளே கேட்டார்:

"நம்ம எல்லாருக்கும் மச்சான்னா, நம்ம எல்லாருக்கும் உங்க வீட்லேர்ந்து சாப்பாடு வரணுமே மேஸ்திரி. அது எப்ப ஆரம்பிக்குது?"

"உனக்கு வந்தா மத்தவனுக்கு மிஞ்சாதே" என்றான் நெட்டை. நெட்டை அந்தக் கூட்டத்தில் பலசாலி. அவன் ஃப்ரிட்ஜைக் கட்டிப்பிடித்துத் தூக்கினால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு பேர் நடனம் ஆடுவது போல இருக்கும்.

இவர்கள் மூவரோடு நாலாவதாக மச்சான். வண்டி டிரைவருடையது. வேலை பிடிப்பதும், யார் வரலாம், யார் வேண்டாம் என்று சொல்வதும் அவர்தான்.

இப்போது படியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சமதரையில் இரண்டு பேர் ஒரு பீரோவைத் தூக்கினால் கனம் பாதிக்குப் பாதி. படியில் இறங்கும்போது பீரோ சாய்கிறது. சாய்ந்தவுடன் கனம் கீழே இருப்பவன் பக்கம் சரியத் தொடங்குகிறது. எவ்வளவு சரியும் என்பது மேலே பிடித்திருப்பவன் கையில் இருக்கிறது. அவன் முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து, தன் முனையைப் படியோடு உரசுகிற மாதிரி தாழ்த்திக்கொண்டே வந்தால் சாய்வு குறையும், பங்கு ஏறக்குறைய சமமாகும். அவன் நிமிர்ந்து நின்று தன் முனையை மார்புக்கு நேராகப் பிடித்தால் பீரோ செங்குத்தாகி, கனமெல்லாம் கீழே இருப்பவன் விரல்களில் போய் உட்காரும். இதில் வேடிக்கை என்னவென்றால், பார்ப்பவர் கண்ணுக்கு உயரத் தூக்கிப் பிடித்தவன்தான் அதிகம் பாடுபடுகிற மாதிரி தெரியும்.

இதை ஸ்டாண்டில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தவரே மேஸ்திரிதான்.

அவர் முழங்கால் கெட்டுப்போனது மச்சான் வருவதற்கு முன்பே. ஒரு கட்டிலை இறக்கும்போது உள்ளே ஏதோ கடக் என்றது. வீங்கவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. நடக்கலாம், சமதரையில் தூக்கலாம். மடக்கி நின்றால் மட்டும் முழங்காலுக்குள் யாரோ திருப்புளியை விட்டுத் திருகுவது போல இருக்கும். அதனால் படியில் மேல் பக்கம் பிடிக்கத் தொடங்கினார். மேலே இருப்பவருக்குத்தான் வழி தெரியும், வழி சொல்வது மேஸ்திரியின் வேலை, ஆகவே யாருக்கும் அதில் குறை தோன்றவில்லை. பிறகு மடங்கவும் முடியாமல் நிமிர்ந்து பிடிக்கத் தொடங்கினார். முதல் தடவை, இன்றைக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் அப்படி நினைத்துக்கொள்வதையும் விட்டுவிட்டார்.

வாயைத் திறந்து, "முழங்கால் சரியில்ல, நான் மூட்டை மட்டும் எடுக்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மேஸ்திரி என்ற பேர் போய்விடும் என்று பயம்.

ஆசிரியை வீட்டுப் பீரோவில் கண்ணாடி பதித்த கதவு. பொட்டலம் அதற்குக் கம்பளி சுற்றிக் கட்டியிருந்தார். மேலே மேஸ்திரி, கீழே பின்பக்கமாக நடந்தபடி மச்சான்.

"மாமா, கொஞ்சம் வெச்சுட்டுப் போலாமா?"

"இப்பத்தானே தூக்கினோம். வா, வா."

இரண்டு படி இறங்கியதும் மறுபடியும், "மாமா, விரல் நழுவுது."

"திருப்பம் தாண்டி வைக்கலாம். இங்க வெச்சா திரும்பத் தூக்கறது கஷ்டம்."

அது உண்மைதான். ஆனால் மச்சானின் கழுத்து நரம்பு புடைத்திருப்பது மேலே இருந்த அவருக்கு நன்றாகத் தெரிந்தது. கொஞ்சம் குனிந்திருந்தால் போதும். அவர் குனியவில்லை. திருப்பத்தில் மச்சானின் ஒரு கை விட்டுவிட்டது. பீரோவின் கால் படியில் மோதியது. கம்பளிக்குள் கண்ணாடி உடைகிற சத்தம் ஒரு தும்மல் மாதிரி கேட்டது.

ஆசிரியை வாசலுக்கு ஓடிவந்தார். டிரைவர் கீழேயிருந்து இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தார். பீரோவைச் சுவரோடு சாய்த்து நிறுத்திவிட்டு எல்லாரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியவர் அவர்தான்.

"எடுத்ததுலேர்ந்து வைக்கலாமா வைக்கலாமான்னே கேட்டுட்டு இருந்தான்" என்றார் மேஸ்திரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். டிரைவரின் பார்வை தன் கால் பக்கம் வந்ததாக அவருக்குத் தோன்றியது. "சொந்தக்காரனாச்சேன்னு பொறுத்துப் பார்த்தேன். இவன் ஓபிப்பா."

நெட்டை தன் கையுறையைக் கழற்றி மறுபடியும் மாட்டிக்கொண்டான். மச்சான் சிவந்திருந்த விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றான். "இல்ல மாமா" என்றுகூடச் சொல்லவில்லை.

மறுநாள் டிரைவர் மச்சானைக் கூப்பிடவில்லை. அடுத்த வண்டிக்காரரிடம் போய்க் கேட்டான். அவர் ஆள் இருக்கிறது என்றார். அதற்கடுத்தவர், "மேஸ்திரியோட மச்சான்தானே நீ?" என்று கேட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா புருஷனே சொல்லிவிட்ட பிறகு மற்றவர்கள் சொல்ல என்ன இருக்கிறது? ஸ்டாண்டில் அந்தச் சொல் காபிக் கறை மாதிரி. துவைத்தால் வெளுக்கும், ஆனால் இருந்த இடம் தெரிந்துகொண்டே இருக்கும்.

வீட்டில் மனைவி கேட்டாள். சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள், முகத்தைப் பார்க்காமல்.

"என்னங்க, தம்பிய நீங்க ஏதோ சொல்லிட்டீங்களாமே."

"யார் சொன்னா?"

"பொட்டலத்தோட சம்சாரம். கடையில பார்த்தேன். எல்லார் முன்னாடியும் கேட்கறா, உன் தம்பி உக்காந்து சாப்பிடற ஆளாமேன்னு. எனக்கு முகத்த எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல." தட்டைத் தொட்டியில் வைத்தாள். "அவன் அப்படிப்பட்டவன் இல்லங்க. சின்ன வயசுலேர்ந்தே சொன்ன வேலைய செய்வான். உங்களுக்குத் தெரியாதா?"

"வேலைன்னா சில பேருக்கு வரும், சில பேருக்கு வராது."

அந்த நேரம் பார்த்து மச்சான் உள்ளே வந்தான். அக்காவின் தோளைத் தொட்டு, "விடுக்கா. மாமா பொய் சொல்வாரா? எனக்குத்தான் பலம் பத்தல" என்றான். பிறகு மேஸ்திரியிடம், "மன்னிச்சுக்குங்க மாமா. உங்க பேரையும் சேர்த்துக் கெடுத்துட்டேன்" என்றான்.

மச்சான் உள்ளுக்குள் கோபமாக இருப்பான், நடந்தது அவனுக்குத் தெரியும், குடும்பத்துக்காக அடக்கிக்கொண்டிருக்கிறான் என்று அதுவரை மேஸ்திரி நினைத்திருந்தார். அப்படி இருந்திருந்தால் பதிலுக்கு இவரும் கோபப்பட்டு ஒரு வழியாகச் சமாளித்திருக்கலாம். ஆனால் அவன் நம்பிவிட்டிருந்தான். கீழே நின்று சுமந்தவனுக்கே எவ்வளவு சுமந்தோம் என்று தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. கையில் விழுந்த கனம்தான் பீரோவின் கனம் என்று நினைத்தான். எல்லாரும் தூக்குவதைத் தன்னால் தூக்க முடியவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டான்.

இரண்டொரு நாள் கழித்து ஒரு சாயங்காலம் மேஸ்திரி வேலை முடிந்து வந்தார். அவர்கள் குடியிருந்தது பல குடும்பங்கள் இருக்கும் ஒரு அடுக்கு வீட்டில். படிக்கட்டில் யாரோ மூச்சிரைக்கிற சத்தம் கேட்டது. மச்சான் இரண்டு கையிலும் தண்ணீர் நிரம்பிய கேன்களைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகப் படி இறங்கிக்கொண்டிருந்தான். கீழ்த் தளம் வரை வந்தான், மறுபடியும் மேலே ஏறினான், மறுபடியும் பின்பக்கமாக இறங்கினான். முதல் மாடி வீட்டு அம்மா கதவைத் திறந்து, "தண்ணி உனக்கு வேணுமா வேணாமாப்பா? ஏத்தற, இறக்கற, ஒரு முடிவுக்கு வா" என்றார். மச்சான் சிரித்தான். அப்போதுதான் மேஸ்திரியைப் பார்த்தான்.

"பழகிக்கறேன் மாமா. ஒரு மாசம் இப்படி செஞ்சா சரியாயிடும்ல? அப்புறம் நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா டிரைவர் கூப்பிடுவாரு."

கேன்களின் கைப்பிடி அவன் விரல்களில் பள்ளம் போட்டிருந்தது. மேஸ்திரி, "ம்" என்றார். அவனைத் தாண்டிப் படியேறும்போது, முழங்கால் வலிக்கு எப்போதும் பிடிக்கும் கைப்பிடிச் சுவரை அன்று பிடிக்காமல் ஏறினார். அவன் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மேஸ்திரி சொன்னார். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வந்தும், வாயில் வந்தது நேராகத்தான் வந்தது.

"அன்னிக்கு பீரோ விழுந்தது மச்சான் தப்பில்ல. ஓபி அடிச்சது நான்."

பொட்டலம் டீயை ஊதுவதை நிறுத்தினார். டிரைவர் மேஸ்திரியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவர் முகம் இளகியது.

"வீட்ல செம மண்டகப்படியா?" என்றார்.

பொட்டலம் சிரித்துவிட்டார். "இருக்காதா பின்ன? தம்பியச் சொன்னா அக்கா சும்மா இருப்பாங்களா? நைட்டு சோறு கெடச்சுதா மேஸ்திரி?"

"நான் விளையாட்டுக்குச் சொல்லல. என் முழங்கால் போச்சு. மடக்க முடியல. நிமிந்து புடிச்சுட்டு எல்லாத்தையும் கீழ தள்ளிட்டு இருந்தேன்."

டிரைவர் எழுந்து வந்து அவர் தோளில் கை போட்டார். "மேஸ்திரி, உங்க மனசு எனக்குப் புரியுது. பழிய தன் தலையில போட்டுக்க எல்லாருக்கும் வராது. ஆனா அதுக்காக நான் அவன எடுத்துட்டு, நாளைக்கு இன்னொரு கண்ணாடி உடைஞ்சா? உங்க மரியாதைக்காக வேணா அவனுக்கு மூட்டை கட்டற வேலை பார்க்கறேன். போதுமா?"

"நெட்டை, நீ சொல்லு" என்றார் மேஸ்திரி. "நீயும் எனக்குக் கீழ புடிச்சிருக்க."

நெட்டை தலையைச் சொறிந்தான். "எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே மேஸ்திரி."

ஸ்டாண்டின் வழக்கம் அவரை அப்படி மடக்கிவிட்டது. எதிர்ப்பக்கம் பிடித்தவன் சொன்னால்தான் அது ஓபி. தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதற்கு அங்கே மதிப்பில்லை, அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள். டீக்கடைக்காரர்கூட அன்று அவரிடம் காசு வாங்க மாட்டேன் என்றார். நல்ல மனுஷன் என்ற பேர் வேறு கூடிவிட்டது. மச்சான் ஓபியாகவே இருந்தான், பாவப்பட்ட ஓபியாக.

அன்றைய வேலை ஒரு முதல் மாடி வீடு. அங்கே ஒரு வாஷிங் மெஷின் இருந்தது. வாஷிங் மெஷின் பார்க்கப் பூனை, தூக்கினால் யானை. சுற்றும்போது குலுங்கி அறையை விட்டு நடந்துபோகாமல் இருக்க அதன் வயிற்றுக்குள் ஒரு கான்கிரீட் கட்டியைப் பொருத்தியிருப்பார்கள். துணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கனத்துக்காகவே வைத்த கனம்.

நெட்டை வழக்கம்போலக் கீழ்ப் பக்கம் போய்க் குனிந்தான்.

"நீ மேல வா" என்றார் மேஸ்திரி.

"நான் மேல புடிச்சா வழி யார் சொல்றது?"

"உனக்குக் கண்ணில்லையா? வா."

இடம் மாறினார்கள். நெட்டை நல்ல வேலைக்காரன். மேலே போனதும் சொல்லாமலே குனிந்து முனையைத் தாழ்த்திப் பிடித்தான். கனம் சமமாகத்தான் வந்தது. நேர்மையாகப் பங்கிட்டால் எப்படி இருக்கும் என்பது மேஸ்திரிக்கு மறந்தே போயிருந்தது. பின்பக்கமாக முதல் படி இறங்கினார். இடது காலை ஊன்றி வலது காலைக் கீழே விட வேண்டும்; அதற்கு இடது முழங்கால் மடங்கியாக வேண்டும். மடங்கியது. திருப்புளி திரும்பியது. இன்னொரு படி. நெற்றியில் வேர்வை பொங்கிவந்தது. அடுத்த படியில் கால் நடுங்கியது, நடுக்கம் மெஷினில் ஏறி அதன் மூடி கடகடவென்று ஆடியது.

"மேஸ்திரி?" என்றான் நெட்டை.

"வை. வை, வை, வை."

நெட்டை பதறாமல் பின்பக்கம் சாய்த்து மெஷினைப் படியில் உட்கார வைத்தான். மேஸ்திரி அப்படியே சுவரில் சரிந்து படியில் உட்கார்ந்தார். கால் அவர் சொன்னதைக் கேட்காமல் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார்.

சத்தம் கேட்டு டிரைவரும் பொட்டலமும் வந்தார்கள். யாரும் எதுவும் கேட்பதற்கு முன் அந்தக் காலைப் பார்த்தார்கள்.

"எத்தன நாளா?" என்றார் டிரைவர்.

"மச்சான் வர்றதுக்கு முன்னாடியே."

டிரைவர் கைப்பிடியில் சாய்ந்தார். காலையில் தோளில் போட்ட கையை இப்போது சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். நெட்டை மட்டும் மெதுவாக, தனக்குத்தானே கணக்குப் போடுகிறவனைப் போலப் பேசினான்.

"அப்ப அந்த டாக்டர் வீட்டு ஃப்ரிட்ஜ்."

"ஆமா."

"அந்தப் பெரிய மேஜை? மூணு தடவ வெச்சு வெச்சு எறக்கினேனே?"

"ஆமா."

நெட்டை தன் இடுப்பைத் தொட்டுப்பார்த்துக்கொண்டான். "எனக்கு வயசாயிடுச்சுன்னு நெனச்சேன் மேஸ்திரி. இந்த வேலைய விட்டுடலாம்னு வீட்ல சொல்லிட்டேன். மாத்திர வாங்கிப் போட்டுட்டு இருக்கேன்." அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் வர இன்னும் நேரமாகும் என்று தெரிந்தது. "வித்தியாசம் தெரியலன்னு காலையில சொன்னேன் பாருங்க. என்கிட்டதான் வித்தியாசம்னு நெனச்சுட்டேன்."

மேஸ்திரி தலையைத் தூக்கவில்லை. ஒரு மனிதனின் பலத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டோம், அது தூங்கி எழுந்தால் வந்துவிடும் என்று அவர் ஒரு சமாதானம் வைத்திருந்தார். பலத்தை மட்டும் எடுக்கவில்லை. தன்னால் முடியும் என்ற நினைப்பையும் சேர்த்து எடுத்திருந்தார், அதுவும் இரண்டு பேரிடம்.

மெஷின் பாதிப் படியில் இருந்தது. அந்த வீட்டுக்காரர் மேலேயிருந்து எட்டிப்பார்த்து, ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். டிரைவர், "ஒண்ணுமில்ல சார், ஆள் வந்துட்டு இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஃபோனை எடுத்து மச்சானைக் கூப்பிட்டார். "எங்க இருக்க? உடனே வா" என்று இடம் சொன்னார். வேறெதுவும் சொல்லவில்லை.

மச்சான் ஓட்டமும் நடையுமாக வந்தான். படியில் மேஸ்திரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"மாமா, என்னாச்சு? விழுந்துட்டீங்களா? அக்காவுக்குச் சொல்லட்டா?"

"உக்காரு மச்சான்."

அவன் உட்காரவில்லை, குனிந்து காலைப் பிடித்துப் பார்த்தான். எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். டிரைவர் வேண்டுமென்றேதான் நகராமல் நின்றார். அன்று பழி சொன்னது எல்லார் முன்னாலும் என்றால், அதைத் திருத்திச் சொல்வதும் எல்லார் முன்னாலும்தான்.

"அன்னிக்கு நீ வைக்கலாமான்னு கேட்டது சரி" என்றார் மேஸ்திரி. "உன்மேல விழுந்தது உன் பங்கு மட்டும் இல்ல, என் பங்கும்தான். நான்தான் தள்ளினேன். தெரிஞ்சுதான் தள்ளினேன். ஓபி நான். உன்னச் சொன்னேன்."

மச்சானுக்கு அது உடனே புரியவில்லை. அவர் கால் வலியில் ஏதோ சொல்கிறார் என்றுகூட நினைத்திருக்கலாம். டிரைவரைப் பார்த்தான், நெட்டையைப் பார்த்தான்.

"சரி மாமா" என்றான். "மொதல்ல இத எறக்கிடுவோம். வழியில நிக்குது."

கீழ்ப் பக்கம் போய் விரல்களை அடியில் கொடுத்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு, அன்றைக்குத் தாங்கிய கனத்துக்குத் தயாராகக் காலை அகட்டி நின்றான். நெட்டை மேலே குனிந்து பிடித்தான். "ம்" என்றான். மெஷின் எழுந்தது. ஆயத்தமாகி நின்ற வேகத்தில் மச்சான் அதை அளவுக்கு மேல் தூக்கிவிட்டு, தடுமாறிச் சரிசெய்துகொண்டான். திருப்பத்தை அடைந்தார்கள். அங்கே வைப்பான் என்று எதிர்பார்த்துப் பொட்டலம் ஒரு கம்பளியைக் கீழே விரித்தார். மச்சான் அதைத் தாண்டிப் போனான். பின்பக்கமாக ஒவ்வொரு படியாக, நிற்காமல், கடைசிப் படி வரை.

மெஷின் தரையில் உட்கார்ந்த சத்தம் மேலே கேட்டது. அதற்குப் பிறகு மச்சானின் குரல், இரைப்பு இல்லாமல், நெட்டையிடம்:

"இவ்வளவுதானா கனம்?"

அதில் கேலி இல்லை. நிஜமாகவே கேட்டான். நெட்டை என்ன பதில் சொன்னான் என்று கேட்கவில்லை. படிக்கட்டின் நடுச்சந்து வழியாக மேஸ்திரி குனிந்து பார்த்தார். மச்சான் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லத் தலையைத் தூக்கி, படிகளின் ஊடே மேலே பார்த்தான். அன்றைக்குச் சுமந்தது, இப்போது மேஸ்திரி சொன்னது எல்லாம் சேர்ந்து அப்போதுதான் அவனுக்கு விளங்குவது முகத்தில் தெரிந்தது. மேஸ்திரி சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

டிரைவர் கீழே இறங்கும்போது, "மச்சான், நாளைக்கும் வந்துடு. சீக்கிரம் வா" என்று சொல்வது கேட்டது.

கொஞ்ச நேரத்தில் படியில் காலடிச் சத்தம். அடுத்த சாமானை எடுக்க மச்சான் மேலே வந்தான். மேஸ்திரி உட்கார்ந்திருந்த படிக்குக் கீழ்ப் படியில் நின்றான். ஏதோ கேட்கப் போகிறான் என்று அவர் காத்திருந்தார். திட்டினாலும் பரவாயில்லை, எதையாவது கேட்டால் போதும் என்று இருந்தது.

"கொஞ்சம் வழி விடுங்க மாமா" என்றான்.

அவர் காலை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார். அவன் உரசாமல் தாண்டிப் போனான்.